பழைய கட்டடத்தின் செலவு யார் கணக்கில்?

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு நூறாண்டைத் தொடும் வீடு ஒன்று உண்டு. தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை. "ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்க ஆள் வருகிறது சார். ஐப்பசி மழையில் ஒழுகும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை" என்று சொல்லிச் சிரித்தார். அடுக்குமாடி கட்ட இடம் கேட்டு வருவோருக்கு அவர் இன்னும் இசைவு தரவில்லை. 'கொடுத்துவிடாதீர்கள்' என்று சொல்ல நினைத்தேன். கூரைச் செலவில் ஒரு ரூபாய்கூடத் தராத நான் அதை எப்படிச் சொல்வது?

இதே சிக்கலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமுறை விசாரித்திருக்கிறது. நியூயார்க்கில் 1910-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ரயில் நிலையத்தை அதன் உரிமையாளரான ரயில் நிறுவனம் 1963-இல் இடிக்கத் தொடங்கியது. தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. அந்த இழப்பு தந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1965-இல் நகரின் மரபுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நகரின் மற்றொரு பெரிய நிலையமான கிராண்ட் சென்ட்ரல் 1967-இல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம், நிலையத்தின் மீதே 55 மாடிக் கோபுரம் எழுப்பத் திட்டமிட்டது. வடிவமைத்தவர் புகழ்பெற்ற மார்செல் புரூயர். பாதுகாப்பு ஆணையம் அனுமதி மறுக்க, வழக்கு 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரமே வென்றது.

இத்தீர்ப்பைப் பாராட்டுவோர் பலரும் மாறுபட்டு நின்ற நீதிபதி ரெங்குவிஸ்ட்டின் வாதத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். ஊர் முழுவதும் துய்க்கும் நன்மைக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட சில உரிமையாளர்கள் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். என் மயிலாப்பூர் நண்பர் கேட்பதும் வேறல்ல. எனக்குத் தீர்ப்பில் உடன்பாடே. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத பாதுகாப்புச் சட்டம் நெடுநாள் நிற்காது என்றே கருதுகிறேன்.

நியூயார்க் சொன்ன விடை, கட்டுமான உரிமையை விற்பனைக்கு உரியதாக்குவது. ஒரு மனையில் இருபதாயிரம் சதுர அடி கட்டலாம் என்று விதி இருக்கிறது. அங்குள்ள பழைய கட்டடம் ஐந்தாயிரம் சதுர அடிதான் என்று கொள்வோம். மீதிப் பதினைந்தாயிரம் வானத்தில் பயனற்று நிற்கிறது. அதை அந்த மனையில் கட்டத் தடை. ஆனால் அருகில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ளலாம். வாங்கியவர் தம் கட்டடத்தை அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்வார். பழைய கட்டடமும் நிற்கும், உரிமையாளர் கையில் பணமும் வரும். இந்த உரிமைக்கு மதிப்பு உண்டு என்பதையும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொண்டது.

தாளில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வாங்க ஆள் வேண்டும். வாங்கினால்தான் உயரமாகக் கட்ட முடியும் என்ற நிலையும் வேண்டும். அந்நிலையை வைத்திருப்பதும் குலைப்பதும் நகர மன்றத்தின் கையில். 2015-இல் கிராண்ட் சென்ட்ரலுக்குப் பக்கத்து மனையில் ஒன் வாண்டர்பில்ட் என்ற வானுயர் கட்டடத்துக்கு மன்றம் ஒப்புதல் தந்தது. கட்டியவர்கள் ரயில் நிலைய மேம்பாட்டுக்கு 22 கோடி டாலர் செலவிட ஒப்புக்கொண்டதால், கூடுதல் பரப்பை மன்றமே வழங்கிவிட்டது. பயணிகளுக்கு நல்லதுதான். ஆனால் விற்க உரிமை வைத்திருந்த நிலையத்தின் அப்போதைய உரிமையாளர், தம் சொத்தின் மதிப்பை நகரமே அழித்துவிட்டதாக நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அது 2016-இல் சமரசத்தில் முடிந்தது. 

பாடம் கற்ற மன்றம் 2017-இல் விதியைத் திருத்தியது. கிழக்கு மிட்டவுன் வட்டாரத்தின் சின்னங்கள், பக்கத்து மனைகளோடு நில்லாமல், வட்டாரம் முழுவதும் தம் உரிமையை விற்கலாம். விலையில் குறைந்தது 20 விழுக்காடு பொது இட மேம்பாட்டு நிதிக்குப் போகும். சந்தை உயிர் பெற்றது. பெரிய அளவில் முதலில் வாங்கியவர்களில் ஒன்று ஜேபி மார்கன் வங்கி. கிராண்ட் சென்ட்ரலிடமிருந்து வாங்கிய உரிமையைக் கொண்டு தன் தலைமையகத்தைப் புதிதாகக் கட்டியது. அதற்காக அது இடித்த 52 மாடி யூனியன் கார்பைடு கட்டடம் 1960-இல் முடிந்தது. ஆண்களே ஆண்ட துறையில் நத்தாலி டி புளுவா என்ற பெண் முக்கியப் பங்காற்றி வடிவமைத்தது. சின்னப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஒரு பழைய கட்டடத்தைக் காத்த உரிமை, இன்னொன்று இடிபடக் காரணமாயிற்று! இந்த ஏற்பாட்டை ஆதரிக்கும் நானும் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாமல்தான் இருக்கிறேன். எதைப் பட்டியலில் சேர்ப்பது என்ற முடிவு, சந்தைக்கு முன்பே வர வேண்டியிருக்கிறது.

அந்த முடிவிலும் மன்றத்துக்கு இடம் உண்டு. ஆணையம் ஒன்றைச் சின்னமாக அறிவித்தாலும், 120 நாள்களுக்குள் நகர மன்றம் அதை மாற்றலாம், நிராகரிக்கலாம். வாக்குக் கேட்டு வருபவரிடம் 'அந்தக் கட்டடத்துக்கு ஏன் கை தூக்கவில்லை?' என்று ஒரு நியூயார்க்வாசி கேட்க முடியும்.

சென்னையில் திட்ட அனுமதி பெரும்பாலும் சிஎம்டிஏவின் பொறுப்பு. மாமன்ற உறுப்பினரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் விடுவோருக்கு டிடிஆர் சான்றிதழ் தரும் வழக்கம் இங்கும் உண்டு. பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி ஒரு சான்றிதழை என் வீட்டுக்குக் கொடுத்தால் வாங்குவது யார், எந்த வட்டாரத்தில் அது செல்லும், இதை முதலில் சொல்லச் சொல்லுங்கள்" என்றார். பட்டியலில் ஒரு வீட்டைச் சேர்க்கும் அரசாணையிலேயே இவ்விரண்டு விவரமும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கையும்.