ஆடும் முள், அசையாத முள்

ஆரணியில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களிலும் சரி, மற்ற ஊர்களிலும் சரி, ஒரு காலத்தில் கார் என்றால் அம்பாசிடர்தான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்துவந்த அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இருந்தாலும் தாத்தா வாங்கிய வண்டியை விற்க மனசு வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியொரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் மேடு ஏறத் திணறுகிறது என்று வையுங்கள். உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு ரப்பர் குழாயும் உள்ளங்கை அளவு வாக்குவம் கேஜும் இருந்தால் போதும்.

இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது ஸ்ட்ராவின் அடி முனையை விரலால் அடைத்துப் பாருங்கள். கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும் அல்லவா? இன்ஜினிலும் அதுவேதான் நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது கார்புரேட்டரில் உள்ள த்ராட்டில் தகடு அநேகமாக மூடியே இருப்பதால், போதிய காற்று வருவதில்லை. அதனால் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? வெளிக்காற்று பாதரசத்தை ஏறக்குறைய 30 அங்குலம் தாங்கும். இதை 1640-களில் காட்டியவர் இத்தாலியின் டாரிசெல்லி. ரப்பர் குழாயால் மேனிஃபோல்டில் இணைத்த கேஜ், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட எத்தனை அங்குலம் குறைவு என்று காட்டும். வண்டி நின்றபடி, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நல்ல இன்ஜின் ஓடும்போது (ஐடிலிங்) அது 17 முதல் 21 வரை காட்டும். 20 என்றால் உள்ளே மிச்சமிருப்பது 10தான், அதாவது வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு!

கேஜுக்குள் இருப்பது வளைந்த, தட்டையான ஒரு உலோகக் குழாய். உள்ளே அழுத்தம் குறைந்தால் அது இன்னும் வளையும். அந்த அசைவு சின்னப் பற்சக்கரங்கள் வழியே முள்ளைத் திருப்பும். பிரான்சின் யூஜின் போர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

இனி முள்ளைக் கவனியுங்கள். அது எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி ஆடுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தாளம் தவறாமல் கொஞ்சம் கீழே விழுந்து விழுந்து எழுந்தால், ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு கருகி, சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆடாமல், ஆனால் மிகவும் தாழ்ந்து நின்றால், எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். மேனிஃபோல்டு இணையும் இடத்தில் உள்ள கேஸ்கெட் ஓரத்தில் மெக்கானிக் சொட்டு ஆயில் விடுவார். கசியும் இடம் சற்று நேரம் அடைபட்டு முள் சட்டென்று ஏறும். கள்ளன் அகப்பட்டான்! ஆக்சிலேட்டரைத் திடீரென்று மிதித்து உடனே விட்டால், முள் பூஜ்யத்தருகே விழுந்து 24, 25 வரை துள்ளி, பழைய இடத்துக்கு வர வேண்டும். துள்ளல் குறைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

ஊரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 300 மீட்டர் ஏறினால் கேஜ் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறைத்துக் காட்டும். ஆரணியில் 20 காட்டும் கார், 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 13 அளவில்தான் காட்டும். கார்மேல் குற்றமில்லை, காற்றுதான் அங்கே மெல்லியது.

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பாருங்கள். ஓடும் இன்ஜினின் ஃபேனருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. வண்டி பெட்ரோலா டீசலா என்றும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் இன்ஜினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் பொதுவாகக் கிடையாது. அதில் இந்தக் கேஜுக்கு வேலையில்லை.