அந்தக் காலத்து மெட்ரிகுலேஷன்



மெட்ரிகுலேஷன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டை கட்டிக்கிட்டு வேனில் போகிற பிள்ளைங்கதானே! ஆனால் 1800-களின் கடைசியில் அது பள்ளிக்கூடத்தின் பெயர் இல்லை, ஒரு பரீட்சையின் பெயர். "ஹைஸ்கூல் முடிச்சாச்சு" என்றால் "மெட்ரிகுலேஷன் பாஸ்" என்றுதான் அர்த்தம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் 41 பேர். பாஸ் ஆனவர்கள் 36 பேர். அவ்வளவுதான்! இன்று பத்தாம் வகுப்புத் தேர்வை லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறோம்.

இந்தத் தேர்வை நடத்தியது பல்கலைக்கழகம். அதாவது, காலேஜில் சேர ஆள் பொறுக்குகிற தேர்வு இது. மொழிப்பாடம் தவிர எல்லாமே இங்கிலீஷ். நம்ம தளவானூர்ப் பிள்ளை ஒருவர் அன்று எழுதியிருந்தால், கணக்கு, வரலாறு எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் எழுதியிருக்க வேண்டும். பள்ளி முடித்ததற்குக் கறுப்பு அங்கி, தொப்பி எல்லாம் கிடையாது. அதெல்லாம் பி.ஏ. பட்டம் வாங்கும்போதுதான். பாஸ் ஆனவர் பெயர் அரசாங்க கெஜட்டில் வரும். அதுதான் பெருமை.

பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் வீட்டிலேயே படித்துத் தயாராகி 1902-ல் மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். 1912-ல் டாக்டர் ஆனார்.

கணிதமேதை ராமானுஜன் கதையைக் கேளுங்கள். 1898-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் எழுதி முதல் வகுப்பில் பாஸ் ஆனார். காலேஜில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் அங்கே போனதும் கணக்கிலேயே மூழ்கிவிட்டார். இங்கிலீஷில் தவறியதால் உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் 1906-லும் 1907-லும் ஃபெயில்! அன்றைய விதிப்படி கணக்கில் எவ்வளவு எடுத்தாலும் மற்ற பாடத்தில் விட்டால் மொத்தமும் ஃபெயில்தான். அதே ராமானுஜனை 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது.

காலேஜுக்குப் போகாதவர்களுக்கும் பள்ளிப் படிப்புக்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும் அல்லவா? அதற்காக 1910-ஐ ஒட்டி நம் மாகாணத்தில் வந்ததுதான் எஸ்.எஸ்.எல்.சி. விரித்துச் சொன்னால், இடைநிலைப் பள்ளி விடுப்புச் சான்றிதழ். அந்தப் பெயரைத்தான் இன்றும் பத்தாம் வகுப்புக்குச் சொல்கிறோம்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? ஒரு பாடம் போனதும் "இனிமே படிப்பு வேணாம்" என்று பையை மூலையில் போட்டு வேலைக்குப் போய்விடுகிறவர்களைப் பார்க்கிறோம். ராமானுஜனுக்கு ஒரு பாடம் மட்டும் எழுதுகிற வசதி இல்லை. நமக்கு இருக்கு! தவறிய பாடத்தை மட்டும் அதே வருடம் துணைத் தேர்வில் எழுதலாம். பாஸ் ஆனால் அந்த வருடமே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். அதுவும் நம்ம தமிழிலேயே எழுதலாம்.

அன்று 41 பேருக்குத் திறந்த கதவு இன்று நம் எல்லோருக்கும் திறந்திருக்கு. அதை நாமே சாத்திக்கொள்ளலாமா? யோசியுங்கள் நண்பர்களே!



— பத்தாம் வகுப்பு மாணவி