999 ரூபாய்க்கு ஒரு நிறுவனம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணையை ஒட்டி, சைனிக் பள்ளியால் அறியப்பட்ட சிற்றூர் அமராவதி நகர். அங்கிருந்து என் தங்கை மகள் கடந்த மாதம் ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். கைப்பேசித் திரையில் மூன்று கட்டங்கள். முதலாவதில் ரூ.999, அடுத்ததில் ரூ.4,999, கடைசியில் ரூ.14,999. மூன்றுக்கும் மேலே, 'இன்றே உங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைத் தொடங்குங்கள்' என்ற அழைப்பு. "மாமா, இதில் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டிருந்தாள்.

அவளும் அவளுடைய கல்லூரித் தோழியும் சேர்ந்து, குழந்தைகளுக்கான பருத்திப் பின்னலாடைகளைச் சொந்தப் பெயரில் இணையவழியே விற்க முடிவு செய்திருக்கிறார்கள். தோழியின் தந்தை திருப்பூரில் பவர்டேபிள் நடத்துகிறார். தையல் அங்கே நடக்கும். முதலீட்டின் பெரும்பகுதி இவளுடையது. தாயின் நகையை அடகு வைத்துப் பெற்ற தொகையும் அதில் அடக்கம். ஆகவே, எந்தக் கட்டம் மலிவு என்று பார்ப்பதற்கு முன், அந்தக் கட்டங்களுக்குள் என்ன விற்கப்படுகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

அதில் பாதி விலையற்ற பொருள்.

நடுக் கட்டத்தில் 'உத்யம் பதிவு' என்று ஒரு வரி இருந்தது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதார், பான் எண்கள் இருந்தால் போதும். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. தனியார் இணையதளம் எதற்கும் இப்பணியைச் செய்ய அதிகாரம் அளிக்கப்படவில்லை என்று அரசின் தளமே எச்சரிக்கிறது. அப்படியிருந்தும், தேடுபொறியில் அந்தப் பெயரை இட்டால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் கட்டணத் தளங்கள் வந்து நிற்கின்றன. ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. மத்திய அரசின் 'ஸ்டார்ட்அப் இந்தியா' அங்கீகாரத்துக்கும் கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தேவைப்படும் ஏற்றுமதி, இறக்குமதிக் குறியீட்டுக்கு 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதை இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மறந்தால் அது முடக்கப்படும்.

நிறுவனப் பதிவும் முன்போல் பெருஞ்செலவு அன்று. 2020 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த படிவத்தின் வழியே பான், டான், வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ பதிவுகள் ஒன்றாகக் கிடைக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய் வரையிலான நிறுவனத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை; பெயர் ஒதுக்கீடு, மாநில முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையொப்பம் ஆகியவையே செலவு. அவையெல்லாம் '999'-க்குள் அடங்காது என்பது கட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

இதைச் சொல்வதால் இணையவழிச் சட்டச் சேவைகள் அனைத்தும் ஏமாற்று என்று பொருளில்லை. இத்துறையின் முன்னோடிகளில் ஒன்றான வக்கீல்சர்ச் சென்னையில் உருவானதுதான். சிற்றூரில் இருக்கும் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலையாமல் படிவங்களை முடிக்க இவை உதவுகின்றன. என் குறை வேறு. இவை எளிதாக விற்கக்கூடியதை விற்கின்றன. நமக்குத் தேவையானதை அல்ல. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் அப்படி எளிதாக விற்கக்கூடிய ஒன்று. ஏனெனில் தொடக்கக் கட்டணம் தூண்டில் போன்றது. ஆண்டுச் சந்தாதான் மீன்.

நிறுவனம் பதிவானதும் 30 நாள்களுக்குள் முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். விற்றுமுதல் ஒரு ரூபாயாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம். 180 நாள்களுக்குள் தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நிறுவனத்துக்கு அபராதம் 50,000 ரூபாய். ஆண்டுக் கணக்கு, ஆண்டு அறிக்கை ஆகிய இரு படிவங்களும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். அதற்கு உச்சவரம்பும் இல்லை. ஓராண்டு மறந்தால் 73,000 ரூபாய். தொழில் கைகூடவில்லை, மூடிவிடலாம் என்றால் அதற்கான விண்ணப்பக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். 999 கொடுத்து நுழைந்த வாசலில் வெளியேறப் பத்து மடங்கு கொடுக்க வேண்டும்.

முதலீட்டாளரிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டப் போகிறவர்களுக்கு நிறுவனம் தேவைதான். இரு தோழியர் தங்கள் பணத்தில் ஆயிரம் உடுப்பு தைத்து விற்றுப் பார்ப்பதற்கு, பதிவு பெற்ற கூட்டாண்மையோ எல்எல்பி எனப்படும் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மையோ போதும். பின்னதில் விற்றுமுதல் 40 லட்சம், பங்களிப்பு 25 லட்சம் ரூபாய் ஆகிய இரு வரம்புகளையும் தாண்டாதவரை தணிக்கைகூடத் தேவையில்லை. 'ஸ்டார்ட்அப்' அங்கீகாரமும் இவ்விரண்டுக்கும் கிடைக்கும். தனிநபர் உரிமையில் நடத்தினால்தான் கிடைக்காது. மூன்று கட்டங்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

கூட்டாண்மை என்றதும் திருப்பூர் வழக்கம் நினைவுக்கு வருகிறது. அங்கே நிட்டிங்கிலிருந்து காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் வரை ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு கைகளுக்குச் செல்கிறது. பல இடங்களில் ஒரு டெலிவரி சலானும் நீண்ட நாள் பழக்கமும்தான் ஒப்பந்தம். அந்த நம்பிக்கை இல்லாமல் இவ்வளவு பெரிய பின்னலாடைத் தொழில் வளர்ந்திருக்காது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு நம்பிக்கையைக் கணக்கில் கொள்வதில்லை. பதிவு செய்யப்படாத கூட்டாண்மை, தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது ஒப்பந்த வழக்குத் தொடர முடியாது. வெளியாள் அதன் மீது தொடரலாம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மாறாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை எனில் லாபமும் நட்டமும் சரிசமம். எவருடைய தாயின் நகை அடகில் இருக்கிறது என்று சட்டம் கேட்காது.

அவள் அனுப்பிய மாதிரிப் பத்திரத்தைப் படித்தேன். ஆங்கிலம் செம்மையாக இருந்தது. அதில் பெயர்களை நிரப்ப இடம் இருந்தது. முதலீடு சமமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு இடம் இல்லை. தகராறு வந்தால் நடுவர் விசாரணை பெங்களூரில் என்று அச்சாகியிருந்தது. அமராவதி நகரில் ஒருத்தி, திருப்பூரில் ஒருத்தி. இவர்கள் சண்டை மட்டும் ஏன் மாநிலம் தாண்ட வேண்டும்?

தையல் கூலி ஒப்பந்தம் என்று தலைப்பிட்ட இன்னொரு மாதிரியும் அப்படித்தான். துணி குறைந்தால், நிறம் மாறினால், பீஸ் செகண்ட்ஸ் ஆனால் நட்டம் யாருக்கு என்று ஒரு சொல் இல்லை. கூலி வேலைக்கு அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டி சட்டம் அதை விற்பனையாகவே கருதும் என்ற எச்சரிக்கையும் இல்லை. சாயமிடும் வேலை என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்ட ஊர் அது. எந்தப் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறது என்று விசாரிக்காமல் துணியைக் கொடுத்தால், பட்டறையோடு சரக்கும் முடங்கும். எங்கோ அமர்ந்து நாடு முழுமைக்கும் ஒரே படிவம் தயாரிப்பவருக்கு இது தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அப்படியானால், இவற்றை எழுதித்தர ஒரு வழக்குரைஞர் வேண்டும். அவரை எங்கே தேடுவது? அவளுடைய முதல் யோசனை, நட்சத்திரக் குறியும் கட்டணமும் போட்டு வழக்குரைஞர்களை வரிசைப்படுத்தும் தளங்கள். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் ஆகிய நீதிபதிகள் அமர்வு இதைத்தான் கண்டித்தது. சட்டத் தொழில் வணிகம் அன்று என்றும், இணையதளங்கள் வழியே விளம்பரம் செய்யும் வழக்குரைஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க இந்திய வழக்குரைஞர் மன்றம் அறிவுறுத்த வேண்டும் என்றும் அமர்வு கூறியது. மன்றத்தின் 36-ஆம் விதி, வேலை தேடி விளம்பரம் செய்வதை ஏற்கெனவே தடுக்கிறது. பெயர், முகவரி, பதிவு விவரம், தகுதி, தொழில் செய்யும் துறை ஆகியவற்றைச் சொந்த இணையதளத்தில் வெளியிட 2008-இல் அனுமதி தரப்பட்டது.

தீர்ப்பின் அடிப்படையை ஏற்கிறேன். வழக்குரைஞருக்கு நட்சத்திரம் போடுவது உணவகத்துக்குப் போடுவதைப் போன்றதாகிவிடக் கூடாது. ஆயினும் ஒரு நெருடல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் எவரையும் அறியாத குடும்பத்துக்கு, வழக்குரைஞரைக் கண்டடைய நம் அமைப்பு வேறு என்ன வழியை வைத்திருக்கிறது? வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். 2017-இல் தொடங்கிய 'டெலி-லா' திட்டத்தில் பொதுச் சேவை மையத்திலிருந்தே வழக்குரைஞரிடம் ஆலோசனை கேட்கலாம். தொழில் பத்திரம் முழுவதையும் எழுதி வாங்க இது பயன்படாது. எதை எழுதி வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படும்.

இணையச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கும்படி அவளிடம் சொன்னேன். முதலாவது, என் படிவத்தில் கையொப்பமிடுபவர் யார், அவருடைய பதிவு எண் என்ன? நிறுவனப் பதிவுக்குத் தொழில் புரியும் பட்டயக் கணக்காளரோ நிறுவனச் செயலரோ செலவுக் கணக்காளரோ வழக்குரைஞரோ சான்றளிக்க வேண்டும்; வாடிக்கையாளர் தொடர்பு அலுவலரின் பெயர் அதற்கு விடையாகாது. அடுத்தது, அரசுக் கட்டண ரசீதுகள் என் பெயரில் தனியே வருமா? இறுதியாக, அரசுத் தளங்களில் எவருடைய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் பதிவாகும்? பலர் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதே இல்லை. முகவரின் மின்னஞ்சல் பதிவாகிவிட்டால் ஜிஎஸ்டி நோட்டீஸ் அவருக்குப் போகும். சந்தாவைப் புதுப்பிக்காத ஆண்டில் அவர் அதைத் திறந்தும் பார்க்க மாட்டார். டிஜிட்டல் கையொப்பத்தைப் பிறரிடம் விட்டுவைப்பது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுத்துவைப்பதற்குச் சமம்.

வணிகப் பெயர்ப் பதிவுக்கு மட்டும் நல்ல இணையச் சேவை ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நிறுவனமாகப் பதிவு செய்வதாலேயே பெயர் நமக்குச் சொந்தமாகிவிடாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆயத்த ஆடை 25-ஆம் வகுப்பில் வருகிறது. இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், சிறுதொழில், ஸ்டார்ட்அப் எனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. அதே ஒலியில் வேறு பெயர் உண்டா என்று தேடுவது பழகிய கண் செய்ய வேண்டிய வேலை. ஆனால், விண்ணப்பதாரர் யார் என்ற கட்டத்தை நாமே நிரப்ப வேண்டும். பணம் செலுத்தியவரின் பெயர் அங்கே தானாக ஏறிவிட்டால், கூட்டாகக் கட்டிய பெயர் ஒருவருடையதாகிவிடும்.

இலவசம் என்று சொன்ன உத்யம் பதிவை முதலில் முடிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை, ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாள்களுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால், பின்னர் பெறும் பதிவு முந்தைய கொடுக்கல் வாங்கலுக்குப் பயன் தராது என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடைகளுக்குச் சரக்கு போட்ட பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தால் வம்பு. இதே விதி அவளையும் கட்டும் என்பதைக் கேட்டு அவள் சற்றுத் திகைத்தாள். தோழியின் தந்தையுடைய பவர்டேபிளும் உத்யம் பதிவு பெற்றதே. அவருக்குரிய தையல் கூலியை அவளும் 45 நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

அவள் எந்தக் கட்டத்தையும் எடுக்கவில்லை. உத்யம், ஜிஎஸ்டி விண்ணப்பங்களைத் தன் எண்ணிலேயே தானே முடித்தாள். மிச்சமான பணத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு வழக்குரைஞரிடம் கூட்டாண்மைப் பத்திரம் எழுதக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் பத்திரம் வரும் என்று எதிர்பார்த்தவளுக்குக் கேள்விகள்தாம் வந்தன. முதலீட்டுக்கு வட்டி உண்டா? கூலியை நிர்ணயிக்கும்போது தோழி தந்தையின் பக்கமா, கூட்டாண்மையின் பக்கமா? இருவரில் ஒருவர் திருமணமாகி வெளியூர் சென்றால் அந்த வணிகப் பெயர் யாரிடம் இருக்கும்?

முதல் இரண்டுக்கும் விடை எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பத்தி இன்னும் வெற்றிடமாக இருக்கிறது. சென்ற ஞாயிறன்று தோழி பேருந்தேறி அமராவதி நகருக்கு வந்திருந்தாளாம். அணைப் பூங்காவில் மாலைவரை உட்கார்ந்து அதைப் பற்றித்தான் பேசினார்களாம்.