சுங்கைப்பட்டாணியின் மர்மக் கதைக்காரர்

மாயக் கதைக்கு மலேசியாவின் கெடா மாநிலத்தில் என்றைக்குமே பஞ்சமில்லை. மலாய்க்காரர்களின் பழைய நூலான 'ஹிகாயத் மெரோங் மகாவங்சா'வில் கருடன் வருகிறது. அதிலேயே ராஜா பெர்சியோங்கும் வருகிறான். சமையல்கட்டில் சமைப்பவரின் கை வெட்டுப்பட்டு, ரத்தம் கீரைக் கறியில் சொட்டிவிடுகிறது. அதைச் சாப்பிட்ட ராஜாவுக்கு ருசி பிடித்துப்போகிறது. மனித ரத்தம் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான். வாயில் கோரைப்பல் முளைக்கிறது. ரப்பர் தோட்டத்துத் தமிழர்களான நம்மவர்களும் சளைத்தவர்களல்ல. பால்மரக் காட்டில் உலவும் மோகினியும், தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டியும் பாட்டிகள் சொன்ன கதைகளில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலுக்கு இரவுதோறும் வந்துபோனார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் லயங்கள் கலைந்தன. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பாட்டிகளின் கதைகளை யாரும் ஏட்டில் ஏற்றி வைக்கவில்லை.

பாட்டிகள் விட்டுப்போன அந்த இடத்துக்கு வந்தவர் எழுத்தாளர் கே. பாலமுருகன். சுங்கைப்பட்டாணிக்காரர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 'நகர்ந்து கொண்டிருக்கும் வாசல்கள்' நாவலும் 'தேவதைகளற்ற வீடு' சிறுகதைத் தொகுப்பும் பெரியவர்களிடையே பெயர் வாங்கித் தந்தன. 'அநங்கம்' என்ற சிற்றிதழையும் நடத்தினார். பெரியவர்களிடையே வாங்கிய பெயரோடு நின்றுவிடாமல் சிறுவர்களுக்காக எழுத உட்கார்ந்தார் பாருங்கள், அதுதான் பெரிய காரியம். 'மோகினி மலையின் இரகசியம்', 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', 'பதின்மூன்றாவது மாடியும் இரகசியக் கதவுகளும்': தலைப்பைப் படித்த பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்குமா?

எண்பதுகளில் எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த தலைமுறை உண்டு. அவர்களை வாசகர்களாக்கியது அந்தக் காத்திருப்பு. இன்றைய பிள்ளைக்கு அப்படி ஏங்க வைக்கும் தமிழ்ப் புத்தகம் வேண்டும். பயிற்சி நூலும் மாதிரிக் கட்டுரையும் அந்த ஏக்கத்தைத் தராது.

நம் விமர்சகர்கள் சிறுவர் மாயக் கதையைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். பாலமுருகனைப் பற்றிய பேச்சிலும் விருது பெற்ற எழுத்துக்கே முதலிடம். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாளைக்குத் தமிழ் நாவல் படிக்க ஆள் இருக்கப்போகிறதென்றால், ஓநாய் மனிதர்களுக்குப் பயந்து போர்வைக்குள் படித்த பிள்ளைகள்தான் அந்த ஆட்கள்.

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, இந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் கோப்பையோடு ஒரு மர்ம நாவலையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.