குடிபுகும் ஈரல் அணுக்கள்

நீலசந்திராவில் வாழும் நம்மவருள், மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவோர் இன்றும் உளர். ஆயின் பித்த மஞ்சளை வெளியேற்ற உதவும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்கு அம்மூலிகை பயன்படாது. நாள்தோறும் பல மணி நேரம் நீல ஒளியின் கீழ்க் கிடத்தல் வேண்டும்.

அத்தகைய 10 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, பிறர் ஈரலினின்று பிரித்த 750 கோடி உயிரணுக்களை, ஈரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயிற் செலுத்தியதாக அமெரிக்காவின் ஓமஹா நகர மருத்துவர்கள் 1998-இல் அறிவித்தனர். ஈரலையே மாற்றும் பேரறுவை இல்லை. மஞ்சளும் ஏறக்குறையப் பாதியாயிற்று.

எனினும் குடிபுகுந்தவை அயலணுக்கள். அவற்றின் மேலுள்ள அடையாளப் புரதங்களைக் கண்டதும், உடலைக் காக்கும் ‘டி’ அணுக்கள் பகையெனக் கொண்டு பெருகித் தாக்குகின்றன. டாக்ரோலிமஸ் என்னும் மருந்து அப்பெருக்கத்துக்கான ஆணையைத் தடுக்கிறது. அளவு மிகுந்தால் சிறுநீரகம் கெடும், தொற்றுநோய் புகும்; குறைந்தால் வந்த அணுக்கள் அழியும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மாத்திரையை மறப்பது சிறு பிழையன்று. முழு ஈரலை மாற்றினால், எதிர்ப்பை இரத்தச் சோதனையாலும் திசுச் சோதனையாலும் அறியலாம். சொந்த ஈரலுக்குள் சிதறிக் கலந்த அணுக்கள் மாண்டாலோ எளிதில் தெரியாது. நம் கருத்தில் இதுவே பெரிய இடர்.

இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையார் வேறு வழி கண்டனர். கடற்பாசியினின்று எடுக்கும் அல்ஜினேட்டால் நுண்மணிகள் செய்து, அணுக்களை உள்ளே அடைத்து, வயிற்றறையுள் இட்டனர். (இதற்கான பாசி நம் மண்டபம் கடற்புறத்திலும் கிடைப்பதே.) சத்தும் புரதமும் அவ்வுறையைக் கடக்கும், காவல் அணுக்கள் கடவா. ஆகவே எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கவில்லை. ஈரல் திடீரெனச் செயலிழந்த 8 குழந்தைகளுள் 4 பேருக்கு ஈரல் மாற்றமே வேண்டியிருக்கவில்லை என 2020-இல் வெளியிட்டனர். அவர்தம் சொந்த ஈரலே மீண்டும் தளிர்த்தது.