காரின் முன் ஸ்ட்ரட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

மே மாதம் ரயில் டிக்கெட் கிடைக்காமல் நம் மும்பை அன்பர்கள் பலர் காரிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெங்களூர் போய்ச் சேரவே சுமார் 1000 கிலோமீட்டர். புறப்படுமுன் டயரில் காற்று, எஞ்சினில் ஆயில், வைப்பரில் ரப்பர் எல்லாம் பார்க்கிறோம். ஸ்ட்ரட்டை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, ஒரு முறை புணேவுக்கு அப்பால் கம்பாட்கி காட்டில் இறங்கும்போது பிரேக் போட்ட இடத்தில் வண்டி மூக்கால் தரையைத் தொடப் போகும் வரை!

ஸ்ட்ரட் என்பது என்ன? சக்கரத்துக்கு மேலே சுருள் ஸ்பிரிங்கும் அதனுள்ளே எண்ணெய் நிறைந்த ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்பதுதான். அமெரிக்கரான மக்ஃபெர்சன் வகுத்த இந்த அமைப்பு 1950ல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. நம் நாட்டில் 1983ல் வந்த மாருதி 800 மூலம் இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிற்கத் தெரியாது. ஒரு தடவை அமுக்கினால் பல தடவை குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது எண்ணெய். பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் திணறிப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. பெரம்பூர் ஐ.சி.எப். பெட்டிகளின் போகியிலும் ஆக்ஸில் பாக்ஸ் ஸ்பிரிங்குகளுக்குள் எண்ணெய் டேஷ்பாட் உண்டு. எண்ணெய் குறைந்த பெட்டியில் மேல் பெர்த்தில் படுத்தவருக்குத் தூக்கம் வராது. காரில் தூக்கம் மட்டும் போகாது. குதிக்கும் டயர் சாலையைப் பிடிக்காததால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடிவிடும்.

தேய்ந்ததை எப்படி அறிவது? ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் ஈரமும் அதில் அப்பிய தூசியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டயரில் கையைத் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுவதும் ஓர் அறிகுறி. பானெட்டை அமுக்கி விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். முழுக்கச் செத்த ஸ்ட்ரட்டைத்தான் அது காட்டும். "டொக் டொக்" என்ற சத்தத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரட்டை மாற்றிவிடாதீர்கள். பாதி நேரம் அது ஸ்டெபிலைசர் லிங்கோ கீழ் பால் ஜாயிண்டோதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால் மேல் மவுண்ட் பேரிங்கைப் பாருங்கள். ஒரு பணிமனையில் என் வண்டிக்கு நான்கையும் மாற்றச் சொன்னார்கள். கசிந்தது முன்னால் ஒன்றுதான். ஆனாலும் முன் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். இடது வலது சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை இவற்றையும் கூடவே வாங்கிவிடுங்கள்.

இனி வேலை. கடற்காற்றில் நட்டுகள் துருவேறியிருக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சமதளத் தரை, கைபிரேக், பின் சக்கரங்களுக்குக் கட்டை. வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு பிறகு தூக்குங்கள். டிக்கியில் வரும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். ரயில்வேயில் பேக்கிங் வைக்காமல் பெட்டிக்கு அடியில் யாரும் போகமாட்டோம்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் இவற்றை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். கீழே நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டுகளின் நிலையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். நக்கிளைக் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் மூட்டும் கழன்று வரலாம். கடைசியாக எஞ்சின் அறையில், மேலே வட்டமாக உள்ள இரண்டு மூன்று சிறு நட்டுகள். ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டே கழற்றுங்கள். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள்! அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சில மாடல்களில் மேல் அமைப்பு வேறு மாதிரி இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை மாற்றும் வேலை பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸரின் கொக்கிகளை எதிரெதிரே மாட்டாமல் சற்றுச் சாய்வாக மாட்டிவிட்டேன். முறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நழுவியது. ஸ்பிரிங் பறந்துபோய்ச் சுவரில் மோதி, கையகலப் பூச்சு உதிர்ந்தது. காபி கொண்டு வந்த என் மனைவி இரண்டடி தள்ளித்தான் நின்றாள். நாற்பது வருடம் இரும்போடு பழகியவனுக்கே இந்தக் கதி. அதன் பின் ஸ்ட்ரட்டை முழுதாக வீட்டில் கழற்றி, புதியதையும் சேர்த்துப் பையில் போட்டு, பிரஸ் வைத்திருக்கும் கடையில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி வாங்கிவருகிறேன். அதற்குக் கூலி அதிகமில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாட்டுவதற்கு முன் புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கச் சொல்லுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். ஸ்பிரிங்கின் நுனி தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்றும் பார்த்து வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் ஓட்டி, பிறகு டார்க் ரெஞ்சால் புத்தக அளவுக்கு இறுக்குங்கள். ஸ்டெபிலைசர் லிங்கையோ கீழ்க் கையையோ தளர்த்தியிருந்தால் அவற்றை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்து, 100 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

பழைய ஸ்ட்ரட்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல ஸ்ட்ரட்டுகளில் அழுத்தத்துடன் நைட்ரஜன் வாயு இருக்கிறது. கேஸ் கட்டரால் அறுக்கவோ நெருப்பில் போடவோ கூடாது.