முன்னோர் கப்பலேறிய கதை

தைப்பூசத் திருநாளில் பத்துமலைப் படிகளில் நாம் உற்றார் உறவினரோடு கூட்டமாகவே ஏறுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் பலர் கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்ததும் அவ்வாறே. அப்பயணம் எவ்வாறு ஏற்பாடாயிற்று என்பதை அறிவோமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர் இரு வழிகளில் இங்கு வந்தனர். ஒன்று ஒப்பந்த முறை. மற்றொன்று கங்காணி முறை. தோட்டத்துத் துரை தமக்கு நம்பிக்கையான தொழிலாளி ஒருவரிடம் பணம் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவரே கங்காணி. அவர் தம் உறவினரையும் ஊராரையும் திரட்டி, முன்பணம் கொடுத்துத் தம்முடன் அழைத்து வருவார்.

அவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நாகப்பட்டினத்தை அடைந்தனர். கரையிலிருந்து படகில் சென்று, கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பலில் ஏறினர். பாய்மரக் கப்பல் காற்றை நம்பிப் பல வாரங்கள் மிதந்தது. நீராவிக் கப்பல் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பினாங்கை அடைந்தது. தளத்திலே நெருக்கமாகப் படுத்து, வெயிலையும் மழையையும் தாங்கினர். நோய் கண்டால் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் தங்க நேர்ந்தது. சிலாங்கூருக்கு வருவோர் அங்கிருந்து வேறு கப்பலில் கிள்ளான் வந்தனர். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது.

இப்பயணம் இலவசமன்று. கப்பல் கட்டணம், உணவு, உடை யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டு, கூலியில் பிடிக்கப்பட்டன. கடன் தீருமுன் வேறிடம் செல்ல இயலாது. அழைத்து வந்தவர் உறவினராதலால் எதிர்த்துப் பேசவும் தயங்கினர். உறவே துணையாயிற்று, உறவே தளையுமாயிற்று! 1907-இல் அமைந்த குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் பணம் திரட்டிப் பயணச் செலவை ஏற்கத் தொடங்கிற்று. 1910-இல் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் ஆள்திரட்டுவது 1938-இல் நின்றது.

வந்தவர்கள் தம் வழிபாட்டையும் மொழியையும் உடன் கொணர்ந்தனர். சிங்கப்பூரில் பிறந்த தம்புசாமிப் பிள்ளை பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் அமைத்தார். 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. முன்பின் அறியாத ஊர்களிலிருந்து வந்தோரும் அங்கே ஒரே குடும்பமாகக் கூடினர்.

மாணவர்களே! உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் யார்? எந்த ஊரிலிருந்து, யாருடன் வந்தார்? இன்றே வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லாமற் போனால், அச்செய்தியை நமக்குச் சொல்ல வேறு எவருமில்லை.